நீரால் அமைந்த நகரம்: துருக்கியின் ஹியராபொலிசும் பமுக்கலேயும்

முன்னுரை

துருக்கியின் தென்மேற்கே தெனிஸ்லி நகரையடுத்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரமுள்ள வெண்ணிறச் சரிவு ஒன்று அமைந்துள்ளது. துருக்கி மொழியில் ‘பஞ்சுக் கோட்டை’ எனப் பொருள்படும் பமுக்கலே என்பது அதன் பெயர். அதன் உச்சியில் ஹியராபொலிஸ் என்னும் தொல்நகரின் இடிபாடுகள் உள்ளன. காண வருவோர் சரிவை இயற்கை அதிசயமாகவும் இடிபாடுகளை வரலாற்றுச் சின்னமாகவும் பிரித்தே நோக்குகின்றனர். இரண்டும் ஒரே ஊற்றுநீரின் ஆக்கங்களே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீரும் பாறையும்

நிலப்பிளவின் வழியே ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பத்தில் சுண்ணச்சத்து மிகுந்த நீர் வெளிப்படுகிறது. வெளிக்காற்றில் அந்நீரிலிருந்து கரியமில வாயு பிரிய, கால்சியம் கார்பனேட் படிந்து இறுகுகிறது. படிப்படியான வெண்குளங்கள் இவ்வாறு உருவாயின.

நீரும் நகரமும்

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர் காலத்தில் தோன்றிய இந்நகரம், கி.மு. 133இல் அவ்வரசு உரோமுக்கு உரியதானபோது உரோமர் ஆட்சிக்குள் வந்தது. இங்குக் கால்வாயில் விட்ட நீர் கல்லாக இறுகி வேலியானதை விட்ருவியஸ் குறித்துள்ளார். கம்பளிக்குச் சாயமேற்ற இந்நீர் ஏற்றது என்கிறார் ஸ்ட்ராபோ. சாயத்தொழிலாளர் சங்கங்களைச் சுட்டும் கல்வெட்டுகள் அவர் கூற்றுக்கு அரண் செய்கின்றன. பாதாள உலகின் வாயிலெனக் கருதப்பட்ட புளூட்டோனியத்தில் தாம் விட்ட சிட்டுக்குருவிகள் உடனே மடிந்ததையும் ஸ்ட்ராபோ பதிவுசெய்துள்ளார். அங்கு உயிரைப் பறித்ததும் நிலத்தடியிலிருந்து எழும் கரியமில வாயுவே. எனவே நகரின் தொழிலும் சமயமும் இவ்வூற்றுகளைச் சார்ந்தே வளர்ந்தன எனலாம். நீரைத் தந்த நிலப்பிளவு நிலநடுக்கத்தையும் தந்தது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் அழிவுற்ற நகரம் மீண்டும் எழுப்பப்பட்டது.

நீரும் சுற்றுலாவும்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிபாடுகளின் மீதே விடுதிகள் எழுந்தன. ஊற்றுநீர் அவற்றின் நீச்சல்குளங்களுக்குத் திருப்பப்பட்டதால் சரிவு வறண்டு நிறம் மங்கியது. 1988இல் யுனெஸ்கோ இவ்விடத்தைப் பண்பாடு, இயற்கை ஆகிய இருவகையிலும் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பின்னர் விடுதிகள் அகற்றப்பட்டன. இன்று நீர் முறைவைத்துப் பகுதி பகுதியாகப் பாய்ச்சப்படுகிறது. படிவுகளின்மேல் காலணியுடன் நடப்பதற்கும் தடை உள்ளது.

முடிவுரை

பண்டை மக்கள் நீரின் இயல்பறிந்து அதனைப் பயன்கொண்டனர். பிற்கால விடுதிகளோ காட்சியை விற்று, அக்காட்சியை உருவாக்கும் நீரைத் தமக்கென எடுத்துக்கொண்டன. ஆகவே இங்குப் பாதுகாப்பு என்பது கற்களைக் காப்பதோடு அமைவதன்று. நீர்ப் பங்கீட்டைக் காப்பதே அதன் அடிப்படை என்பது தெளிவாகிறது.