நம்பர் பிளேட்டும் கிளாஸ் வேரியபிளும்: ஸ்டாட்டிக் மெத்தட் சில நேரம் சொதப்புவது ஏன்?

புதுச்சேரி கருவடிக்குப்பம் தெருவில் நிற்கும் உள்ளூர் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டைப் பாருங்க. முதலில் வரும் ‘பிஒய்’ யூனியன் பிரதேச வண்டிகள் எல்லாத்துக்கும் பொது. கடைசியில் வரும் எழுத்தும் எண்ணும் அந்த வண்டிக்கு மட்டும் சொந்தம். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கிலும் இதே கதைதான். பொதுவானது கிளாஸ் வேரியபிள். தனித்தனியானது இன்ஸ்டன்ஸ் வேரியபிள்.

ஸ்டாட்டிக் மெத்தட் எதற்கு?

01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம் என்ற பட்டியலை ‘வாகனம்’ என்ற கிளாஸில் ஒரே ஒருமுறை தயாரித்தால் போதும். அந்த நேரத்தில் ஆப்ஜெக்ட் எதுவும் உருவாகியிருக்காது. ஆப்ஜெக்ட் இல்லாமலே இயங்கும் ஸ்டாட்டிக் மெத்தட் அங்கேதான் கைகொடுக்கும்.

பைதானில் என்ன சிக்கல்?

பைதான் 3.9 வரை, கிளாஸுக்கு உள்ளேயே ஸ்டாட்டிக் மெத்தடை அழைத்தால் ‘டைப் எரர்’ வரும். 2021 அக்டோபரில் வெளியான 3.10-ல் இது சரிசெய்யப்பட்டது. ஆனால் ‘வாகனம்’ என்ற கிளாஸ் பெயரைச் சொல்லி உள்ளிருந்தே அழைத்தால் இன்றும் ‘நேம் எரர்’தான். காரணம், கிளாஸ் முழுசா முடிந்த பிறகே அந்தப் பெயர் உருவாகும்.

தீர்வு? கிளாஸ் முடிந்த அடுத்த வரியில் மெத்தடை அழைத்து மதிப்பைக் கொடுக்கலாம். இல்லையென்றால் அதைச் சாதாரண ஃபங்ஷனாக, கிளாஸுக்கு மேலேயே எழுதிவிடலாம்.

ஜாவாவில் பிரச்னை இல்லையா?

அழைப்பதில் தடை இல்லை. ஆனால் ஸ்டாட்டிக் வேரியபிள்கள் மேலிருந்து கீழாக, எழுதிய வரிசையில்தான் மதிப்பு பெறும். ‘அடுத்த எண்’ மேலே இருக்கு; ‘தொடக்க எண் = 1000’ அதற்குக் கீழே இருக்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே ஃபைனல் இல்லாத ஸ்டாட்டிக் வேரியபிள்கள். தொடக்க எண்ணோடு 1 கூட்டும் மெத்தடை வைத்து ‘அடுத்த எண்’ணை நிரப்பினால் 1001 வராது, 1 தான் வரும். ஏன்னா, அந்த நொடியில் தொடக்க எண் இன்னும் 0.

இதுதான் பெரிய ஆபத்து. பைதான் எரர் காட்டி நிறுத்திவிடும். ஜாவா சத்தமே இல்லாமல் தப்பான எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே, மெத்தடுக்குத் தேவையான மதிப்புகளை முதலில் எழுதணும். அதை அழைக்கும் வரி பிறகுதான் வரணும்.