புளியமரத்துக்குக் கிழக்கே எட்டடி

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கார்பன் பிரதி கிடக்கிறது. 1983ல் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் போட்ட மாதிரி வரைபடம். இரண்டு கோடு இழுத்து நடுவில் ‘தார் ரோடு’ என்று எழுதியிருப்பார். மேலே ‘சென்னை’, கீழே ‘திருச்சி’. மேற்கு ஓரத்தில் ஒரு வட்டம், அதற்குள் ‘புளியமரம்’. மரத்துக்குக் கிழக்கே எட்டடி தள்ளி ஒரு பெருக்கல் குறி: லாரி நின்ற இடம்.

அந்த எட்டடிதான் கேஸ். லாரி சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனது. தெற்கே போகிற வண்டிக்கு இடப்பக்கம் கிழக்கு. அது மேற்கு ஓரத்துப் புளியமரத்தின் பக்கம் நின்றால், எதிரே வந்த சைக்கிள்காரரின் பாதியில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். டிரைவர் கூண்டில் ஏறி என்னென்னவோ சொன்னார். புளியமரம் பேசவில்லை, ஆனால் அதன் சாட்சிதான் நின்றது.

1981 முதல் முப்பத்தெட்டு வருஷம் திண்டிவனத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். ஜி.எஸ்.டி. ரோடும் பாண்டிச்சேரி ரோடும் பிரிகிற ஊர். எங்கள் ஆபீஸ் கேஸ் கட்டுகளில் பாதிக்கு மேல் எம்.சி.ஓ.பி., அதாவது ஆக்சிடென்ட் நஷ்டஈட்டு மனுக்கள். இப்போதெல்லாம் விபத்து நடந்தால் என்ன செய்வது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. வண்டியை நிறுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, போலீசுக்குச் சொல், போட்டோ எடு, எதிலும் கையெழுத்துப் போடாதே. அதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வருஷம் தெரிகிறது. அந்த வருஷம் வருவதற்கு முன்னால் அடிபட்டவர்களின் முகமும் தெரிகிறது.

‘நிறுத்து’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது லாரிக்காரர்களின் வழக்கம் நேர்மாறாக இருந்தது. திரும்பிப் பார்க்காதே, கரும்புக்காட்டில் இறங்கு, வேறு சட்டை மாற்று, பொழுது விடிந்ததும் முதலாளியோடு ஸ்டேஷனுக்குப் போ. வயதான டிரைவர் இளைய டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. எப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்ற வாசகத்துக்குப் பிறகு ‘வாகனத்தை விட்டுவிட்டுத் தப்பி ஓடிவிட்டார்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். ஆரம்பத்தில் அதைப் படிக்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கும். அப்புறம் ஒருநாள், ஓடாமல் நின்று அடிபட்ட குழந்தையைத் தூக்கிய ஒரு டிரைவரை ஜி.எச்., அதாவது அரசு ஆஸ்பத்திரி, கட்டிலில் பார்த்தேன். ஜனங்கள் அவர் தாடையை உடைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வரியை நான் வேறு மாதிரிதான் படித்தேன்.

சட்டமும் அதைப் படிக்க ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே டிரைவர் அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும், ஸ்டேஷனில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அது போய் 1988 சட்டம் வந்தது. அதன் 134ஆவது பிரிவு உதவி செய்யச் சொல்லிவிட்டு ஒரு விலக்கும் வைக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் என்கிற விலக்கு. அப்படி முடியாதவர் அந்தக் காரணத்தையும் சேர்த்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் சொல்லிவிட வேண்டும். பார்லிமென்டில் உட்கார்ந்து எழுதிய சட்டத்துக்குள் நம் ரோட்டோரக் கூட்டம் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நிஜமான வாசகம் அந்தச் சட்டத்தில் இல்லை. கட்சிக்காரர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: கூட்டம் கூடினால் அங்கே நிற்காதே, ஆனால் காட்டுக்குள் ஓடாதே, ஸ்டேஷனுக்கு ஓடு.

2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் வட மாநிலங்களில் ஸ்டிரைக் செய்து பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றதற்கும் காரணம் இந்தப் பயம்தான். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில், ஆளைக் கொன்றுவிட்டுப் போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை தண்டனை என்று ஒரு உட்பிரிவு வைத்தார்கள். நின்றால் அடித்துக் கொல்வார்களே என்று டிரைவர்கள் கேட்டார்கள். அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். பட்டியலில் ‘பாலிசி நம்பரைக் குறித்துக்கொள்’ என்று ஒரே வரியில் போய்விடுகிறது. அந்த வரி இல்லாத காலத்தை யோசியுங்கள். 1855லேயே இங்கே ஒரு விபத்து மரணச் சட்டம் இருந்தது. ஒருவர் தப்பால் இன்னொருவர் செத்தால் குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் சிவில் கோர்ட்டில் தாவா போட வேண்டும், கேட்கிற தொகைக்குத் தக்க கோர்ட் பீஸ் கட்ட வேண்டும். அதையும் கட்டி ஜெயித்தால் எதிராளியிடம் பணம் இருக்க வேண்டும். ஒற்றை லாரி வைத்திருந்த முதலாளியிடம் எங்கே இருக்கும்? 1946 ஜூலை 1 முதல்தான் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் விடக்கூடாது என்ற 1939 சட்டத்தின் அத்தியாயம் அமலுக்கு வந்தது. சட்டம் கட்டாயப்படுத்துகிற அளவுக்கு மட்டும் எடுப்பதால் இதற்கு எங்கள் பாஷையில் ‘ஆக்ட் பாலிசி’ என்று பெயர்.

இதில் ஒரு கூத்து உண்டு. விபத்து காலையில் நடக்கும். பாலிசி முடிந்து போயிருக்கும். முதலாளி அடித்துப் பிடித்து ஓடி மத்தியானம் ஒரு கவர் நோட்டு, அதாவது தற்காலிக பாலிசி, வாங்கிவிடுவார். அதில் தேதி இருக்கும், மணி இருக்காது. 1990ல் உச்ச நீதிமன்றம், மணி போடாவிட்டால் பாலிசி அன்றைய தேதி பிறந்த நள்ளிரவிலிருந்தே செல்லும் என்று சொல்லிவிட்டது. கம்பெனிகள் விழித்துக்கொண்டு மணி, நிமிஷம் வரை எழுத ஆரம்பித்தன. மணி எழுதியிருந்தால் அந்த மணியிலிருந்துதான் என்று பின்னால் கோர்ட்டும் சொன்னது. இன்று உங்கள் பாலிசியில் ‘00:00 மணி முதல்’ என்று ஏதோ அலங்காரத்துக்குப் போட்டமாதிரி இருக்கிறதே, அது அந்த மத்தியான ஓட்டங்களின் மிச்சம்.

சிவில் கோர்ட் தாவா என்ற நிலையை மாற்றியது 1939 சட்டத்துக்கு 1956ல் வந்த திருத்தம். அடுத்த வருஷமே அமலுக்கு வந்து, விபத்துக்கென்று தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. கோர்ட் பீஸ் சுமை குறையும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. எல்லா இடத்திலும் உடனே குறைந்துவிடவில்லை. 1979ல் ஹரியானாவில், அரசு பஸ்ஸால் புருஷனை இழந்த ஓர் ஏழைப் பெண்ணிடம் கோர்ட் பீஸ் கட்டியே தீர வேண்டும் என்று மாநில அரசே உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது. நீதிபதி கிருஷ்ணய்யர் அரசைக் கண்டித்துத் திருப்பி அனுப்பினார். 1982ல்தான் யார் தப்பு என்று பார்க்காமலேயே உடனடியாக ஒரு தொகை தரும் ஏற்பாடு வந்தது: சாவுக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500. நான் எழுதிய முதல் மனுக்களில் இந்தத் தொகைகள் இருக்கும். தொகை சின்னதுதான், ஆனால் கருமாதிக்குக் கடன் வாங்காமல் தப்பிய வீடுகளை எனக்குத் தெரியும்.

மனுப் போடுவதற்கான காலக்கெடுவைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் 60 நாள். 1970ல் ஆறு மாதம் ஆனது. 1994ல் கெடுவையே எடுத்தார்கள், எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்று ஆனது. பத்து வருஷத்துப் பழைய எப்.ஐ.ஆரைத் தூசு தட்டிக்கொண்டு எங்கள் படியேறியவர்கள் உண்டு, அதில் பொய்யும் கொஞ்சம் கலந்துதான் வந்தது. 2019 திருத்தம் மறுபடி ஆறு மாதம் என்றது, 2022 ஏப்ரல் 1 முதல் அமல். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடுகிறார்கள். படிக்காத குடும்பத்துக்கு இப்போது எது நடப்பு என்று எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரி விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறாதது. அடிபட்டவரைப் பக்கத்திலிருக்கிற நர்சிங்ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனால், ‘இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க’ என்று வாசலிலேயே சொல்வார்கள். ஜி.எச்.சில் முடியாவிட்டால் பாண்டிச்சேரி ஜிப்மர். பழைய ரோட்டில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் போனவர்களின் போஸ்ட்மார்ட்டம் சர்டிபிகேட்டுகளை நான் அடுக்கியிருக்கிறேன். ஒரு ஸ்கூட்டர்காரருக்கும் இதேதான் நடந்தது. போலீஸ் கேஸ் பார்க்க அனுமதி உள்ள ஆஸ்பத்திரி வேறு என்று இருபது கிலோமீட்டர் அனுப்பி, வழியில் செத்தார். பத்திரிகைச் செய்தியைப் பார்த்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு: முதலில் உயிர், அப்புறம்தான் போலீஸ் சடங்கு. அரசு டாக்டரானாலும் தனியாரானாலும் சரி. தூக்கிக்கொண்டு வருகிறவரைப் பிடித்து வைத்து விசாரிக்கும் பயம் போக இன்னும் 27 வருஷம் ஆயிற்று. 2016ல் உச்ச நீதிமன்றம் அதற்கான வழிகாட்டுதல்களுக்குச் சட்ட பலம் கொடுத்தது. இடையில் 2008ல் நம் ஊருக்கு 108 வந்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு திட்டமும் கொண்டுவந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் பிறக்கிறது. அதைப் பற்றி எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. ஏ.ஆர். காப்பி என்போம். டியூட்டி டாக்டர் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டு, வந்தவர் சொன்னதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். போலீசுக்குப் பயந்து கூட வந்த சொந்தக்காரர் ‘டூவீலர்ல இருந்து தானா விழுந்துட்டாருங்க’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. நாலு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியை உயர்த்திப் பிடிப்பார். அப்படிச் சொன்ன சொந்தக்காரர்கள் அறியாமலேயே எத்தனையோ குடும்பங்களின் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் பேசி முடித்துக்கொள்வது இன்னொரு பழைய வழக்கம். ஊர்ப் பெரியவர், முதலாளியின் மச்சினர், ஒரு வெள்ளைப் பேப்பர். சில ஆயிரம் கைமாறும். ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி வாங்குவார்கள், அல்லது எழுதாத பேப்பரிலேயே கையெழுத்து வாங்குவார்கள். எங்கள் சீனியர், கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் காயத்தைக் கேட்க மாட்டார், ‘எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?’ என்றுதான் கேட்பார். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கினாயா என்பது அடுத்த கேள்வி. வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தாரா என்பது மூன்றாவது. மோட்டார் வாகன ஆய்வாளர் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை.

போட்டோவின் கதை தனி. எண்பதுகளில் பஜாரிலிருந்து ஸ்டூடியோக்காரரை டி.வி.எஸ். பிப்டியில் கூட்டிக்கொண்டு போவோம். போட்டோவோடு நெகட்டிவையும் தாக்கல் செய்ய வேண்டும், அவரே கூண்டேறிச் சாட்சியும் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்தே பாதிப்பேர் வரமாட்டார்கள். நாலுவழிச் சாலை போட்டபோது புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். அப்புறம் வந்த வரைபடங்களில் மைல்கல்லும் மேம்பாலத் தூணும்தான் அடையாளம். இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது, சான்றிதழோடு கொடுத்தால் கோர்ட் ஏற்கும்.

போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா மகன் ஒலக்கூர் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். ‘மாமா, பின்னால ஒரு வேன் இடிச்சிடுச்சு. யாருக்கும் அடி இல்ல. என்ன பண்ணட்டும்?’

‘வண்டிங்க நிக்கிற இடத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புடா. அப்புறம் நவுத்து.’

பதினாலு போட்டோ வந்தது. நசுங்கின பம்பர் ஒன்பது, உடைந்த விளக்கு நாலு, அவன் கட்டைவிரல் ஒன்று. திரும்பக் கூப்பிட்டேன்.

‘வேன் நம்பர் எங்கடா?’

‘அவர் கிளம்பிட்டாரு மாமா. நல்ல மனுஷன், சாரி சொன்னாரு.’