நிரம்பும் தொட்டி, நிரம்பாத எடை: பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ தடமும் போயிங் 777-200எல்ஆரின் மறுவாழ்வும்

ஏர் இந்தியா 2006-இல் போயிங்கிடம் எட்டு 777-200எல்ஆர் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. 2013-14-இல் அவற்றுள் ஐந்தை எதிஹாடுக்கு விற்றது. 2022-இல், டாட்டா கைக்கு வந்த பின், அதே ரகத்தில் ஐந்தைக் குத்தகைக்கு எடுப்பதாக அறிவித்தது. கொரோனாக் காலத்தில் டெல்டா கழித்துக்கட்டியவை அவை. பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வாரம் மூன்று முறை பறப்பது அந்த அறிவிப்பில் சொல்லப்பட்ட வேலைகளுள் ஒன்று. ஐந்தை விற்று, பின்னர் அதே ரகத்தில் வேறு ஐந்தை வாடகைக்குப் பிடித்ததைத் திட்டமிடலின் கோளாறு என்று கடந்துபோவது எளிது. ஆனால் அந்த விளக்கம் விமானத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இத்துறையில் நிலைபெற்றுவிட்ட வாசிப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. முதலாவது, தேவனஹள்ளி ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 915 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து கிளம்பும் நெடுந்தொலைவு விமானம் பயணிகளை விட்டுவிட்டுத்தான் பறக்க முடியும் என்பது. இரண்டாவது, மொத்தமே 60 அளவில் விற்ற இந்த ரகம் சந்தையில் நாதியற்றது, எனவே நடுவயதைக் கடந்தால் உதிரிபாகங்களின் விலைக்குமேல் போகாது என்பது. இரண்டுமே விவரக்குறிப்பு அட்டவணையின் ஓர் எண்ணை மட்டும் பார்த்து எழுந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. 347.45 டன் என்ற உச்சப் புறப்பாட்டு எடைதான் அந்த எண்.

அட்டவணையை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதற்கு அதிலேயே ஒரு சான்று உண்டு. தொடக்க ஆண்டுகளில் போயிங் இந்த விமானத்துக்கு 301 பயணிகளோடு 17,000 கி.மீ.க்கு மேற்பட்ட பறப்புத் தொலைவைச் சொன்னது. பின்னாளில் அதே விமானத்துக்கு 317 பயணிகளோடு சுமார் 15,840 கி.மீ. என்று எழுதியது. கூடுதலான 16 பேரும் அவர்களுடைய பைகளும் சேர்ந்தால் 1.6 டன்தான். ஆயிரம் கி.மீ.க்கு மேற்பட்ட வித்தியாசத்தை அந்த எடை விளக்காது. இருக்கைகளின் எடை, உள்ளலங்காரம், சேமிப்பு எரிபொருள் என்று அனுமானங்களும் சேர்ந்தே மாறியிருக்க வேண்டும். ஆகவே பறப்புத் தொலைவு என்பதை இயந்திரத்தின் குணமாகக் கொள்வது தவறு. எந்த அனுமானங்களோடு கணக்கிடுகிறோமோ அவற்றின் விளைவு அது.

கேள்விக்குரிய ஆவணம் சுமை–தொலைவு வரைபடம். அதில் மூன்று கோடுகள். முதலாவது கிடைமட்டமாக ஓடும். அந்தப் பகுதியில் சுமையைக் கட்டுப்படுத்துவது விமானச் சட்டகத்தின் வலிமை. இரண்டாவது சரியும்; அங்கே தடை உச்சப் புறப்பாட்டு எடை. மூன்றாவது இன்னும் செங்குத்தாகச் சரியும். அங்கே தொட்டியில் இனி இடமில்லை. முந்தைய ஆய்வுகள் பெங்களூருத் தடத்தை இரண்டாவது கோட்டில் வைத்துப் பேசுகின்றன. வரைபடத்தின் கீழ் அச்சை மட்டும் பார்த்தால் அது பிழையன்று. தடத்தின் நீளம் ஏறத்தாழ 14,000 கி.மீ., 2021 ஜனவரியில் முதல் பறப்பின்போது சொல்லப்பட்ட கணக்கு 13,993 கி.மீ. அந்தத் தொலைவு இரண்டாவது கோடு முடியும் மூலையை ஒட்டித்தான் விழுகிறது. ஆனால் பக்க அச்சை யாரும் பார்க்கவில்லை.

கணக்கு நாலே வரி. விமானத்தின் வெற்றெடை உற்பத்தியாளர் கணக்குப்படி சுமார் 145 டன். துணைத் தொட்டிகள் இல்லாமல் கொள்ளும் எரிபொருள் சுமார் 1,81,000 லிட்டர், அதாவது 145 டன்னை ஒட்டி. ஏர் இந்தியாவின் பழைய அமைப்பில் முதல் வகுப்பு 8, வணிக வகுப்பு 35, சாதாரணம் 195, ஆக 238 இருக்கைகள். பைகளோடு ஆளுக்கு 100 கிலோ என்றால் 24 டன். மூன்றையும் கூட்டினால் 314 டன்.

தொட்டியை விளிம்புவரை நிரப்பி, எல்லா இருக்கையிலும் ஆளை உட்காரவைத்த பிறகும் உச்ச எடைக்கு 33 டன் குறைகிறது. அதாவது முழுத் தொட்டியோடு பார்த்தால் விமானம் நிற்பது இரண்டாவது கோட்டில் அன்று, மூன்றாவதில். மணிக்கு 7 டன் அளவில் எரித்து 17 மணி நேரம் பறந்தால் போவது 120 டன்தான் என்பதால், நடைமுறையில் தொட்டி முழுதும் நிரம்ப வேண்டியதுகூட இல்லை. தேவனஹள்ளியின் உயரம் இங்கே என்ன செய்கிறது? 915 மீட்டரில் காற்றின் அடர்த்தி திட்ட வளிமண்டலக் கணக்கில் 8 முதல் 9 சதவீதம் குறையும். இஞ்சினின் உந்துவிசையும் இறக்கையின் தூக்குவிசையும் அதற்கேற்பத் தளரும். அந்தத் தளர்ச்சி கடிப்பது 347 டன்னோடு ஓட முயலும் விமானத்தை. 315 டன்னோடு 4,000 மீட்டர் ஓடுபாதையில் ஓடுவதை அது அவ்வளவாகத் தொடாது. உயரம் பறிப்பது சரக்குக்கான இடத்தைத்தான். பயணிக்கும் சரக்குக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டைப் பழைய வாசிப்பு ஒரே ‘சுமை’ என்ற சொல்லில் கரைத்துவிட்டது.

உற்பத்தியாளரின் வெற்றெடையைவிட நிறுவனங்களின் வெற்றெடை அதிகம் என்பார்கள். சரி, 5 டன் கூட்டிக்கொள்ளலாம், மிச்சம் 28. எதிர்காற்றும் மாற்று விமான நிலையத்துக்கான சேமிப்பும் எரிபொருளில் அடங்குபவை, எரிபொருளையோ நான் முழுத் தொட்டி என்றே கொண்டேன். வடதுருவத்தை ஒட்டிய வழியில் எரிபொருள் உறைநிலை குறித்த கவலையை எழுப்புவோரும் உண்டு. அது விமானிகளின் அன்றாடக் கவனத்துக்குரியது, எடைக் கணக்கோடு அதற்கு உறவில்லை.

இந்த 30 டன் இடைவெளிதான் விமானத்தின் தலையெழுத்து. ஏர்பஸ் ஏ350-1000-இன் உச்சப் புறப்பாட்டு எடை ஏறத்தாழ 320 டன். அந்த எடையில் அது வழக்கமாக 350 பேருக்குமேல் ஏற்றுகிறது. ஏறத்தாழ அதே எடையில் கிளம்பும் 777-200எல்ஆர் 238 பேரைத் தூக்குகிறது. 347 டன்னைத் தாங்கக் கட்டிய எலும்பை 315 டன்னுக்காகச் சுமந்து திரிவதற்கு எரிபொருளில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 2013-இல் விற்றவர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்த்திருக்க வேண்டும், அதில் அவர்கள் தவறவில்லை. 2022-இல் எடுத்தவர்களுக்கு வேறு வழி இல்லை. 2020-இல் வரவேண்டிய போயிங்கின் அடுத்த ரகமான 777எக்ஸ் இப்போது 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது, நெடுந்தொலைவுக்கு உடனே கிடைத்தது டெல்டா கழித்த விமானம். ஆக, பயணிகள் விமானமாக இதன் மதிப்பு பிறருடைய தாமதத்தின் நிழலில் நிற்பது. புதியவை வரவர அது கரையும். இதுவரை பழைய ஆய்வாளர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

பிரிவது இதற்குப் பிறகு. ‘60 விமானங்கள், எனவே நாதியற்றது’ என்ற முடிவு, அறுபதையும் ஒரு தீவாகக் கருதுகிறது. 2009-இல் சேவைக்கு வந்த 777எஃப் சரக்கு விமானம் இதே இறக்கையையும் இதே உடலையும் அடிப்படையாகக் கொண்டது. உச்ச எடையும் ஏறக்குறைய அதே 347 டன். ஜிஇ90 இஞ்சின் குடும்பமோ 800-க்கு மேல் விற்ற 777-300இஆரிலும் ஓடுகிறது. பயணி பயன்படுத்த முடியாமல் விட்ட அந்த 30 டன்னுக்காகவே சரக்குக்காரன் பணம் கொடுப்பான். தொலைவைப் பாதியளவாகக் குறைத்து, எரிபொருளை இறக்கி, அந்த இடத்தில் சுமையை ஏற்றினால் விமானம் வரைபடத்தின் மூன்றாவது கோட்டிலிருந்து முதல் கோட்டுக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவின் மம்மத் நிறுவனம் 2021-இல் டெல்டாவின் 200எல்ஆர்களை வாங்கிச் சரக்கு விமானமாக மாற்றத் திட்டமிட்டது இதனால்தான் என்பது என் வாசிப்பு. ஐசிஏஓவின் கரிம உமிழ்வு விதி 2028 முதல் புதிய 777எஃப் தயாரிப்பைத் தடுக்கும் நிலையில் இருக்கிறது. விதி புதிதாகக் கட்டும் விமானத்துக்கு, பழையதை மாற்றுவதற்கு அன்று. மாற்றும் திட்டங்கள் சான்றிதழ் பெறுவதில் இழுத்தடிக்கும் பழக்கம் இத்தொழிலுக்கு உண்டு. அதனால் காலத்தைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன், திசையைப் பற்றிச் சொல்வேன்.

பெங்களூருக்கு இதில் வழித்தடத்தைத் தாண்டியும் ஒரு தொடர்பு உண்டு. 2022 ஏப்ரலில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெச்ஏஎல்லும் இஸ்ரேலின் ஐஏஐயும் பயணிகள் விமானங்களை எரிபொருள் நிரப்பும் விமானங்களாகவும் சரக்கு விமானங்களாகவும் இந்தியாவில் மாற்றப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. ஐஏஐயின் எரிபொருள் விமானம் 767-ஐ அடிப்படையாகக் கொண்டது, அதன் 777 வேலை 300இஆரில் நடக்கிறது. 200எல்ஆர் அதன் பட்டியலில் இல்லை. ஆனால் இடப்பக்க மேல்தளத்தில் சரக்குக் கதவுக்காக உடலை வெட்டுவதும், தளத்தை வலுப்படுத்துவதும் எந்த 777-இலும் ஒரே கைத்தொழில். குத்தகை முடிந்து திரும்பும் 200எல்ஆர்களுக்கு அந்தக் கதவு எந்த ஊரில் வெட்டப்படும் என்பதுதான் இனி ஆராய வேண்டிய கேள்வி.