'ஹீ' என்றால் அதில் 'ஷீ'யும் உண்டா?

பி.காம் படிக்கிற எல்லோரும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 11-வது பிரிவை மனப்பாடம் செய்திருப்போம். ஒப்பந்தம் செய்ய யாருக்குத் தகுதி உண்டு என்று சொல்லும் பிரிவு. 'எவ்ரி பெர்சன் இஸ்' என்று தொடங்கும். பேச்சு என்னவோ ஊரில் உள்ள எல்லோரையும் பற்றித்தான். ஆனால் வினைச்சொல் ஒருமை! எவ்ரிஒன், ஈச், எனிஒன், ஹூஎவர் என்று வந்தாலும் இதே கதைதான்.

சட்டத்துக்கு இந்த ஒருமை ரொம்ப வசதி. சட்டம் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பிடித்துப் பேசுகிறது. பத்து பேர் சேர்ந்து திருடினாலும் தண்டனை ஒவ்வொருவருக்கும் தனித்தனிதானே?

சிக்கல் அடுத்த சொல்லில் வருகிறது. வினை ஒருமை என்றால் அதற்குப் பின் வரும் பிரதிப்பெயரும் ஒருமையாக இருக்க வேண்டும் என்று 'தே'யை ஒதுக்கிவிட்டு 'ஹீ' என்று எழுதினார்கள். அப்படியானால் பெண்கள்?

இதற்காகவே பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1850-ல் ஒரு சட்டம் போட்டது. ஆண்பால் சொல் பெண்களையும் குறிக்கும், ஒருமை பன்மையையும் குறிக்கும் என்றது அது. பிரச்சினை தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை.

1867-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தபோது அதில் 'மேன்' என்றிருந்ததை 'பெர்சன்' என்று மாற்றச் சொன்னார் ஜான் ஸ்டூவர்ட் மில். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தீர்மானம் தோற்றது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் 5,346 பெண்கள் 1850 சட்டத்தைக் காட்டி வாக்குரிமை கேட்டார்கள். இந்தச் சட்டத்தில் 'மேன்' என்பது பெண்ணைக் குறிக்காது என்று நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. குற்றம் செய்தால் 'ஹீ'க்குள் பெண்ணும் உண்டு, ஓட்டுப் போட மட்டும் இல்லை!

நம் நாட்டிலும் 1897-ன் பொது உட்கூறுகள் சட்டம், 13-வது பிரிவில் இதே விதியைச் சொல்கிறது. இருந்தும், சட்டம் படித்த ரெஜினா குஹா வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கேட்டபோது 1916-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1921-ல் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கு பாட்னாவிலும் அதே பதில். பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்கக் கூடாது என்று 1923-ல் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் அந்த நீதிமன்றங்களின் கதவு திறந்தது.

1860-ன் இந்திய தண்டனைச் சட்டம், 'ஹீ' என்பது ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அந்தப் பட்டியலில் திருநரையும் சேர்த்திருக்கிறது. சொல் என்னவோ இன்னும் அதே 'ஹீ'தான்.

தமிழில் 'ஒருவர்', 'அவர்' என்று எழுதிவிட்டால் ஒருமையும் ஆச்சு, ஆணா பெண்ணா என்ற கேள்வியும் எழாது. ஆங்கிலச் சட்டம் அந்த இடத்தில்தான் இத்தனை வருஷம் தடுமாறியது. ஆனால் ஒன்று. 1868-ல் மான்செஸ்டர் பெண்களிடம் விதி இருந்தது. அதைப் படித்த நீதிபதிகளுக்குத்தான் மனது வரவில்லை. இலக்கணத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?