தெருமூடி மடமும் பனாவிட்டிய அம்பலமவும்

பருத்தித்துறைத் தும்பளை வீதியால் போகிறவர் ஒரு மடத்துக்குள்ளால்தான் போகவேண்டும். தெருமூடி மடம் வீதியோரத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. வீதியையே கூரையால் மூடி நிற்கிறது. இரு மருங்கும் உயர்ந்த திண்ணைகள், பொழிந்தெடுத்த கற்றூண்கள், நடுவே பாதை. பாரம் சுமந்து வந்தவர் வழியை விட்டு விலகாமலே நிழலில் குந்தி இளைப்பாறலாம். கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் என்று வழிப்போக்கனுக்கும் அவன் மாட்டுக்கும் சேர்த்தே யோசித்த யாழ்ப்பாணத்தார் கட்டிய மடங்களில், இப்படி ஓர் அமைப்பை நான் வேறெங்கும் காணவில்லை.

சிங்கள ஊர்களில் இத்தகைய வழிமடத்தை அம்பலம என்பார்கள். குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலம முற்றிலும் மரவேலை. கற்களின் மேல் பருத்த உத்திரங்களைக் கிடத்தி, அவற்றின் மேல் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள். நிலத்து ஈரமும் கறையானும் மரத்தை எளிதில் எட்டாது. அந்த உத்திரமே பயணிக்கு இருக்கையும் ஆகிறது. தூண்களில் மனிதரும் விலங்குகளும் கொடிகளும். கண்டிப் பக்கத்து எம்பெக்கே தேவாலயத்து மரச் செதுக்கலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைவண்ணம் உடனே பிடிபடும். இத்தனை அழகையும் ஒரு கோயிலுக்கல்ல, யாரென்றே தெரியாத வழிப்போக்கருக்குச் செய்து வைத்தார்களே! அந்நாளில் அம்பலமவில் ஊர்க்கூட்டமும் நடந்தது, பக்கத்தில் தண்ணீர்ப் பானையும் இருந்தது.

இரண்டுமே இன்று பாதுகாக்கப்பட்ட தொல்பொருட் சின்னங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அவற்றைச் சிதைப்பது குற்றம். ஆனால் ஆபத்து ஒன்றல்ல. மரத்துக்கு மழையும் பூச்சியும் பகை. செதுக்கிய தூண் ஒன்று உளுத்தால் அதே தூணை மீட்க முடியாது. கல் உளுக்காது, ஆனால் வீதி நடுவே நிற்பதால் பாரவாகனம் ஒன்று உரசினாலே போதும். அப்படியிருந்தும் தெருமூடி மடத்தின் நிலையே மேல் என்பேன். ஊர் நாளாந்தம் அதற்குள்ளால் போய் வருகிறது. ஒரு கல் பெயர்ந்தாலும் யாரோ ஒருவர் கண்ணில் படும்.

உங்கள் ஊரில் பழைய மடமோ சுமைதாங்கியோ எஞ்சியிருந்தால், வீதியை அகலமாக்க அளவெடுக்க வருமுன் படமெடுத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதுங்கள்.