டெம்போ: சம்பியன் ஏன் லீக்கை விட்டுப் போனது?

போர்த்துக்கல் உதைபந்தாட்டம் எண்டால் எங்கட பெடியளுக்கு முதலில் வாறது ரொனால்டோ. அதுக்குப் பிறகு பென்ஃபிக்கா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங். அதுகளைப் பற்றி எல்லாரும் கதைக்கினம், நான் புதுசாச் சொல்ல ஒண்டும் இல்லை. நான் எழுத வந்தது போர்த்துக்கேயர் 450 வருடம் ஆண்ட இன்னொரு மண்ணில் வளர்ந்த கழகத்தைப் பற்றி. கோவாவின் டெம்போ விளையாட்டுக் கழகம். இந்தியாவின் தேசிய லீக் பட்டத்தை 5 தடவை வென்ற கழகம் அது.

வரலாறு படிக்கிற ஆக்களுக்குக் கோவா எண்டவுடனே வேறொரு ஞாபகமும் வரும். 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் எங்கட கடைசி அரசன் சங்கிலி குமாரனைக் கொண்டுபோய் மரண தண்டனை கொடுத்தது அங்கேதான். 1658 இல் ஒல்லாந்தர் வந்து இங்கிருந்து அவர்களைத் துரத்தினார்கள். கோவாவில் அவர்கள் 1961 டிசம்பர் வரைக்கும் இருந்தார்கள். அதனால் கோவாக்காரருக்குப் பந்து பழக்கியது போர்த்துக்கேயர்தான் எண்டு நினைக்கத் தோன்றும். உண்மை அப்படி இல்லை. 1883 இல் உடல்நலம் தேறுவதற்காகச் சியோலிம் என்ற ஊருக்கு வந்த வில்லியம் றொபேட் லயன்ஸ் என்ற பாதிரியார்தான் அதைக் கொண்டுவந்தவர். பிறகு பள்ளிக்கூடம், கோயில் பங்கு, ஊர்த்திடல் எண்டு அது பரவியது. இங்கேயும் மிஷன் பள்ளிக்கூடங்கள், கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்கள் எண்டு கிட்டத்தட்ட அதே பாதைதான். குருநகர், நாவாந்துறை, இளவாலைப் பக்கம் மட்ச் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. (எங்கட இணுவிலுக்கு நாதஸ்வரமும் தவிலும்தான் பேர். பந்து விஷயத்தில் நாங்கள் பார்வையாளர்கள்.)

ஊர்த்திடலில் விளையாட்டுக்காரர் உருவாகலாம். ஆனால் தேசிய லீக் விளையாடக் காசு வேணும். கோவாவில் அந்தக் காசு வந்தது இரும்புத்தாதுவில் இருந்து. டெம்போ, சல்காவ்கர் இரண்டுமே சுரங்க முதலாளிக் குடும்பங்களின் பெயர்கள். பனாஜியைச் சேர்ந்த டெம்போ குடும்பம் 1960களின் பிற்பகுதியில் கழகத்தைத் தன் பெயரில் நடத்தத் தொடங்கியது. தெற்கே சால்செட் பக்கத்தில் 1988 இல் உருவான சர்ச்சில் பிறதர்ஸ் வேற மாதிரி. அதன் பின்னால் நின்றவர் சர்ச்சில் அலெமாவ் என்ற அரசியல்வாதி. 1990 இல் சில நாள் கோவாவின் முதலமைச்சராகக்கூட இருந்தவர். ஒரு பக்கம் வடக்கின் கம்பனிக் கழகம், மற்றப்பக்கம் தெற்கின் அரசியல்வாதியின் கழகம். போட்டி எவ்வளவு சூடா இருந்திருக்கும் எண்டு யோசியுங்கோ.

டெம்போவின் பொற்காலத்தைச் செய்தவர் அர்மாண்டோ கொலாசோ. 2000 இல் பயிற்றுநராக வந்து ஒரு தசாப்தத்துக்கு மேல் அதே கதிரையில் இருந்தார். ஐரோப்பாவில் மூன்று மட்ச் தோற்றால் பயிற்றுநரைக் கலைக்கிற காலத்தில் இது பெரிய விஷயம். அவரின்ர அணியின் எலும்பு முழுக்க உள்ளூர்தான்: சமீர் நாயக், கிளிஃபர்ட் மிராண்டா, கிளைமக்ஸ் லோறன்ஸ், பிறகு மகேஷ் கவ்லி. முன்வரிசைக்குத்தான் வெளிநாடு. நைஜீரியாவின் றாண்டி மார்ட்டின்ஸ், பிரேசிலின் பெட்டோ.

அதுக்கு முதல் ஒருத்தர் இருந்தார். கிறிஸ்டியானோ ஜூனியர், பிரேசில்காரர். 2003–04 இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்காக லீக்கில் ஆகக்கூடுதல் கோல் அடித்தவரை டெம்போ எடுத்தது. கோவாவின் நல்ல விளையாட்டுக்காரரைக் கொல்கத்தா தூக்கிக்கொண்டு போறதுதான் வழமை, இது மறுவளம். 2004 டிசம்பர் 5, பெங்களூர், பெடரேஷன் கிண்ண இறுதியாட்டம், எதிரணி மோகன் பகான். டெம்போ 2–0 என்று வென்றது. இரண்டு கோலும் அவர் அடித்தது. இரண்டாவது கோலை அடிக்கும்போது எதிரணிக் கோல்காப்பாளருடன் மோதி விழுந்தவர் பிறகு எழும்பவே இல்லை. வயது 25. கழகம் 10ஆம் இலக்கச் சட்டையை அவருக்காக ஓய்வு கொடுத்தது. அதே பருவத்தில் டெம்போ முதல் தடவையாகத் தேசிய லீக்கையும் வென்றது.

பிறகு வந்த கணக்கைப் பாருங்கோ. 2006–07 இல் மறுபடியும் லீக். 2007 இல் லீக்கை ஐ-லீக் என்று புதுசாக்கினார்கள், அதன் முதல் பட்டமும் டெம்போவுக்கு. 2008 இல் ஆசியக் கழகங்களுக்கான ஏஎஃப்சி கிண்ணத்தில் அரையிறுதி. 2008–09 சர்ச்சில், 2009–10 டெம்போ, 2010–11 சல்காவ்கர், 2011–12 டெம்போ, 2012–13 சர்ச்சில். ஐ-லீக்கின் முதல் 6 பட்டமும் கோவாவை விட்டு வெளியே போகவில்லை! 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சம் சனம்கூட இல்லாத மாநிலம் அது. கொல்கத்தாவின் இரண்டு பெரிய கழகங்களும் லட்சக்கணக்கான ரசிகரை வைத்துக்கொண்டு ஆறு வருடம் பார்த்துக்கொண்டு இருந்தன.

2011–12 பருவத்தில் றாண்டி மட்டும் 32 கோல். அடுத்த வருடமே அவரைக் கொல்கத்தாவின் பிரயாக் யுனைட்டெட் எடுத்துக்கொண்டு போனது. 2013 இல் கொலாசோவும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். இதுக்கு இடையில் காசின் நிலைமையும் மாறியது. டெம்போ குடும்பம் 2009 இலேயே சுரங்கத் தொழிலைச் சேசா கோவா கம்பனிக்கு விற்றுவிட்டது. 2012 இல் கோவாவில் சுரங்க வேலையே நிறுத்தப்பட்டது. 2014–15 பருவத்தின் முடிவில் டெம்போவுக்குத் தரமிறக்கம்.

இதுவரைக்கும் எந்தக் கழகத்துக்கும் நடக்கிற கதைதான். ஏறுவதும் இறங்குவதும் விளையாட்டு. டெம்போவும் 2015–16 இல் இரண்டாம் பிரிவை வென்று மேல வரும் உரிமையை மைதானத்திலேயே எடுத்தது. ஆனால் 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியிருந்தது. அப்போது அதில் இடம் பிடிக்கக் காசுக்கு உரிமம் வாங்க வேண்டியிருந்தது, வெற்றியால் வரவில்லை. தரமிறக்கமும் அப்போது இருக்கவில்லை. 2016 இல் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் சூப்பர் லீக்கை முதலாம் தரமாகவும் ஐ-லீக்கைக் கீழேயும் வைக்கிற திட்டத்தை முன்வைத்தது. அப்போது ஐ-லீக்கை வென்றாலும் மேல போக வழி இருக்கவில்லை. அந்த வருடம் டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கோவா மூன்றும் ஐ-லீக்கை விட்டு விலகின.

இதை வெறும் "சின்னக் கழகத்துக்கு அநியாயம்" எண்டு எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. சூப்பர் லீக்கில் கோவாவின் பெயரில் விளையாடிய எஃப்சி கோவாவின் தொடக்க உரிமையாளர்களில் ஒருவர் ஸ்ரீனிவாஸ் டெம்போ, அதே குடும்பம். ஆக, கழகத்தின் முதலாளிக்குப் புதிய வீட்டில் ஒரு கதவு இருந்தது. கழகத்துக்குத்தான் இல்லை. ஒரு கழகம் யாருடையது என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது எண்டு நினைக்கிறன். எங்கட ஊர்க் கழகங்களில் முதலாளி இல்லை. வெளிநாட்டில் இருக்கிற அண்ணாமார் அனுப்புகிற காசும், சந்தாவும், பூட்ஸ் வாங்கக் கடனும்தான். அது பலவீனம் எண்டுதான் எப்பவும் சொல்லுவினம். டெம்போவின் கதையைப் படித்த பிறகு எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கு.

கொலாசோவின் பெடியள் சும்மா இருக்கவில்லை. 2019–20 பருவத்தின் இடையில் எஃப்சி கோவாவின் இடைக்காலப் பயிற்றுநராக வந்த கிளிஃபர்ட் மிராண்டாவின் கீழ்தான் அந்த அணி சூப்பர் லீக்கின் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்தது. சமீர் நாயக் டெம்போவின் பயிற்றுநர் ஆனார். உள்ளூர் கோவா புரொஃபெஷனல் லீக்கில் விளையாடிக்கொண்டே இருந்த கழகம், 2023–24 இல் மூன்றாம் தரமான ஐ-லீக் 2 இல் இரண்டாம் இடம் பிடித்து, 2024–25 பருவத்துக்கு மீண்டும் ஐ-லீக்குக்குத் திரும்பியது. அந்தப் பருவத்தில் டெம்போவும் சர்ச்சிலும் பழையபடி ஒரே தேசிய லீக்கில் மோதின.