வில்லங்கம் பார்த்த கண் விரிசலைப் பார்க்காதது ஏன்?
செய்யூர்க் கடற்கரையை முன்வைத்து, வீட்டு விற்பனையில் குறை அறிவிக்கும் கடமையின் வரலாறு

முன்னுரை

செய்யூர் வட்டத்தில் பழைய வீடு வாங்க வருபவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. பிறகு தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம். முப்பது ஆண்டு வில்லங்கத்தில் சிக்கல் ஏதும் இல்லையென்றால் முன்பணம் கைமாறிவிடும். கூரைக்குள் கம்பி துருவேறியிருக்கிறதா, கோடையில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா, மனை ஓடையைத் தூர்த்து எழுந்ததா என்பவற்றுக்கு எந்தத் தாளிலும் இடமில்லை. தெரிந்த குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டமோ 1882 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இருந்தும் கேள்வி எழாமல் போனது எப்படி? உரிமைக் குறையைத் துருவிப் பார்ப்பதில் நம் பத்திர மரபு தேர்ச்சி பெற்றது. பதிவேடு வந்த பின் அந்தத் தேர்ச்சியே போதும் என்றாகி, பொருளின் குறையைச் சொல்லும் கடமை பின்னுக்குப் போனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. கல்லிலும் ஓலையிலும்

செய்யூருக்கு வடமேற்கே உள்ள உத்திரமேரூர், முதலாம் பராந்தகன் காலக் குடவோலைக் கல்வெட்டுகளுக்காக (919, 921) அறியப்பட்ட ஊர். சோழர் கால ஊர்ச்சபைகள் நிலம் விற்றதற்கும் கல்வெட்டுச் சான்றுகள் உண்டு. அக்கால விலை ஆவணங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். நான்கெல்லை சொல்லப்படும். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உடும்போடி ஆமை தவழ்ந்த நிலமும் சேர்த்து விற்கப்படும். விலைப்பொருள் ஆவணக்களரியில் முழுதும் பெறப்பட்டதாகவும், இதற்கு மேல் வேறு ஓலை காட்ட இயலாதெனவும் உறுதி எழுதப்படும்.

பிற்காலக் கிரயங்களில் நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்ற அஷ்டபோகங்களின் வரிசை நிலைபெற்றது. பழைய பாணிப் பத்திரங்களில் இன்றும் இதைக் காணலாம். மண்ணுக்குள் புதையல் கிடந்தால் அது வாங்கியவருக்கே என்று முன்கூட்டியே எழுதிவைத்த இந்த மரபு, மண்ணுக்குள் கேடு இருந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதவில்லை.

அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் ஒரே ஊர் அல்லது அடுத்த ஊர். எந்த நிலம் மழைக்கு முழுகும், எந்தக் கிணறு வற்றும் என்பது ஊரறிந்த செய்தி. வீடு மண்சுவரும் ஓலைக் கூரையும் கொண்டது. சில ஆண்டுக்கொரு முறை கூரையைப் பிரித்து வேய வேண்டியிருந்ததால் பழுது கண்ணுக்குத் தெரிந்தது. விலை போனதும் வழக்குக்கு வந்ததும் மண்ணும் உரிமையும்தான்.

2. குதிரையும் வீடும்: 1872, 1882

இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 17ஆம் பிரிவில் மோசடியை வரையறுக்கிறது. பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடி ஆகாது என்பது அதன் விளக்கம். நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் அதைப் பற்றி வாய் திறக்காவிட்டால் மோசடி இல்லை என்று எடுத்துக்காட்டும் தருகிறது. வாங்குபவர் தாமே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் நேரடி வாரிசு இது.

பத்தாண்டில் நிலைமை மாறியது. 1882 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சொத்து மாற்றச் சட்டத்தின் 55(1)(அ) பிரிவு, நிலமும் வீடும் விற்பவர் மீது பேசும் கடமையைச் சுமத்தியது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை அவர் அறிவித்தாக வேண்டும். சொத்தின் உரிமையில் உள்ள குறையை மட்டுமன்றிச் சொத்திலேயே உள்ள குறையையும் பிரிவு குறிப்பிடுகிறது. அறிவிக்கத் தவறினால் அது மோசடி என்று பிரிவின் இறுதிப் பத்தி சொல்கிறது. குதிரை விற்பவருக்குக் கிடைத்த மௌன உரிமை வீடு விற்பவருக்குக் கிடைக்கவில்லை. கட்டடக் குறையைப் பொறுத்தவரை வாங்குபவரின் விழிப்பையே நம்பியிருந்த அக்கால ஆங்கிலச் சட்டத்தைவிட இது ஒரு படி முன்னே சென்றது.

குறை எப்போது முக்கியமானது ஆகிறது? தெரிந்திருந்தால் வாங்கியே இருக்கமாட்டார் என்று சொல்லத்தக்க குறை அது. 1834ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலத் தீர்ப்பிலிருந்து வந்த இந்த அளவுகோலை இந்திய நீதிமன்றங்களும் ஏற்றன. ஹரியானா நிதிக் கழகம் விற்க முன்வந்த தொழிற்கூடத்துக்குத் தனிப்பாதை இல்லாததை வாங்குபவரிடம் சொல்லாதது இப்பிரிவின் கீழ் குறையே என்று உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. அவரது முன்பணத்தைக் கழகம் பறிமுதல் செய்ததை ஏற்கவில்லை.

3. பதிவேடு தந்த நிம்மதி

1860களில் தொடங்கிய ஆவணப் பதிவு முறை, 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இன்றைய வடிவம் பெற்றது. யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அசையாச் சொத்துப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றானது பெரிய முன்னேற்றம். 1929 திருத்தம் சொத்து மாற்றச் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது: கட்டாயப் பதிவுக்குரிய ஆவணம் பதிவாகிவிட்டால், பின்னால் வாங்குபவர் அதை அறிந்தவராகவே கருதப்படுவார். பதிவேட்டைப் பார்க்காதவருக்குச் சட்டத்தில் பரிவு குறைந்தது. வில்லங்கம் போட்டுப் பார்ப்பது வாங்குபவரின் முதல் வேலையானது.

இங்கேதான் தடம் மாறியது. விற்பவர் வாயால் சொல்ல வேண்டியதைச் சார்பதிவாளர் அலுவலகத் தாள் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. இன்றைய கிரயப் பத்திரம் எதையும் எடுத்துப் படியுங்கள். முன்கிரயம், அடமானம், ஜப்தி, ஜாமீன், உயில், மைனர் பாத்தியம் எதுவும் இல்லை என்று நீளமான பட்டியல் வரும்; பின்னிட்டு ஏதேனும் தெரியவந்தால் விற்றவர் தம் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவார் என்ற உறுதி வரும். வீட்டைப் பற்றியோ, வாங்குபவர் நேரில் பார்வையிட்டுத் திருப்தியடைந்தார் என ஒரே வரி. அந்த வரியை எழுதச் சொல்வது பெரும்பாலும் விற்பவர் தரப்பு. பின்னால் குறை வெளிப்பட்டு வழக்கு வந்தால், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்ற வாதத்துக்கு அது ஆதாரமாகிறது.

4. கம்பிக்குள் போன குறை

ஓலைக் கூரை போய்க் கம்பிகட்டிய கான்கிரீட் தளம் வந்தபோது பழுதும் உள்ளே போய்விட்டது. கடலோரத்தில் இது கூர்மையானது. கழுவாத கடல்மணலோ உப்புநீரோ கலவையில் சேர்ந்தால் அதிலுள்ள குளோரைடு கம்பியை அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடித்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். இதனால்தான் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 (2000) கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது; கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் எல்லை. அரிப்பு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். குளியலறை ஓரத்துக் கூரைப் பூச்சை விரல்முட்டியால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். கம்பியின் போக்கிலேயே ஒரு மெல்லிய கோடு ஓடும். விற்பதற்கு முன் பட்டி பார்த்துச் சுண்ணாம்பு அடித்தால் கோடு மறைந்துவிடும். சாதாரணக் கவனத்தில் தென்படாத குறை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

5. கட்டுநர் மட்டும் பொறுப்பாளி

1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் 1993 திருத்தம் வீடு கட்டித் தருவதையும் சேவையாகச் சேர்த்தது. லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அதை உறுதிசெய்தது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பின், தமிழ்நாட்டில் கட்டட உறுதி பொதுப் பேச்சானது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை முப்பது நாளில் கட்டணமின்றிச் சரிசெய்யும் பொறுப்பைக் கட்டுநர் மீது வைத்தது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு புதுக்கட்டடத்துக்கே. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ எழும் திட்டங்கள் பதிவிலிருந்து விலக்குப் பெற்றவை. கைமாறும் பழைய வீட்டுக்கு, கட்டுநர் அல்லாத தனியாரிடம் வாங்குவதால், 1882ஆம் ஆண்டுப் பிரிவு மட்டுமே துணை. நுகர்வோர் மன்றமும் எட்டாது. மனையை மட்டும் விற்பது சேவை ஆகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டு அடுக்கக வழக்கம் இன்னொரு இடைவெளியையும் வளர்த்தது. பல காலம் கிரயப் பத்திரத்தில் பதிவானது நிலத்தின் பிரிக்கப்படாத பங்குதான். கட்டடம் தனிக் கட்டுமான ஒப்பந்தத்தில் இருந்தது. 2023 டிசம்பர் 1 முதல்தான் புது வீட்டின் நிலப்பங்கும் கட்டடமும் சேர்ந்து ஒரே கிரயமாகப் பதிவாகின்றன.

6. செய்யூர்க் கடற்கரையின் தனிக் குறைகள்

செய்யூர் வட்டத்தின் கடலோரத்தில் உப்பளம், ஓதியூர் உப்பங்கழி, முதலியார்குப்பம், கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டை எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே வருகின்றன. வார இறுதி வீடு தேடிச் சென்னையிலிருந்து வருபவருக்கு, ஊர்க்காரருக்குத் தெரிந்தது எதுவும் தெரியாது.

இங்கே சட்டமே ஒரு மறைகுறையை உண்டாக்குகிறது. 1991 பிப்ரவரி 19இன் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டுமானம் கூடாத பகுதியாக்கியது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைக்க வழிசெய்தது. உப்பங்கழிக் கரைக்கும் தனி எல்லை உண்டு. இவை எதுவும் வில்லங்கச் சான்றில் ஏறுவதில்லை. விளைவு என்னவாகலாம் என்பதற்குக் கேரளத்தின் மரடு சான்று. மண்டல விதியை மீறிய நான்கு குடியிருப்புகள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடாக ஆணையிடப்பட்டது. அனுமதியில்லா மனைப்பிரிவுகளுக்குத் தமிழ்நாடு 2016இல் பதிவையே நிறுத்தியது. கடலோர மண்டலத் தகவலுக்கு அப்படி ஒரு கதவு இல்லை.

முடிவுரை

கலிபோர்னியா 1987 முதல் வீடு விற்பவரிடம் எழுத்துப்பூர்வ அறிவிப்புப் படிவம் கேட்கிறது. நிலச்சரிவுக்கு ஆளான ஒரு வீட்டைப் பற்றிய 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்குத் தூண்டுகோல். பிரான்சின் 1804 சட்டத்தொகுப்பு மறைகுறைக்கு விற்பவரைப் பொறுப்பாக்கியது. நமக்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 55(1)(இ) பிரிவின்படி, சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தாம் அறிந்தவரை பதில் சொல்ல விற்பவர் கடமைப்பட்டவர். அந்த உரிமையைப் பயன்படுத்துவோர் அரிது.

ஆவண எழுத்தர்கள் கிரய உடன்படிக்கையோடு ஒரு பக்கக் கேள்வித்தாளை இணைக்கலாம். தளத்தில் நீர்க்கசிவு உண்டா? எந்த ஆண்டு என்ன பழுது பார்த்தார்கள்? மே மாதத்தில் கிணற்றுநீர் எப்படி? 2004 சுனாமியிலும் 2015 மழையிலும் தண்ணீர் எதுவரை வந்தது? உயர் அலைக்கோட்டிலிருந்தும் உப்பங்கழியிலிருந்தும் தூரம் எவ்வளவு? விற்பவர் ஒப்பமிட்ட பதில், பார்வையிட்டுத் திருப்தியடைந்தார் என்ற ஒற்றை வரியின் வலுவைப் பெருமளவு குறைத்துவிடும். தெரிந்தே பொய் சொன்னார் என்பதை நிறுவவும் ஓர் எழுத்துச் சான்று கையில் இருக்கும்.